சொல்லாமல் விட்ட கம்பி

அருளு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் இரண்டு தடவை போனில் கேட்கிறேன், நீயும் "ம்" என்கிறாய். இது வேறு விஷயம். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் உன் பழைய ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன் வீடியோவைப் பார்த்துவிட்டு "சித்தி சூப்பர்", "சித்திக்கு ஒரு கும்பிடு" என்று கீழே எழுதுகிறார்களே, அவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி அதே இடத்தில் இதைப் போடு. உனக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை.

எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சுற்றி வளைக்க வேண்டாம். நீ புனேவுக்குக் கிளம்பின காலையில் படகுத்துறையில் உன் நைனா காலைத் தொட்டாய், என் காலைத் தொட்டாய், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவதாக உன் சித்தி தேசராணியின் காலைத் தொட்டு எழுந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சித்தி, நீ இல்லன்னா எனக்கு இந்த வேலையே இல்ல" என்றாய். நாலு பேர் பார்க்க அவள் அழுதாள். நானும் அழுதேன். பிள்ளையைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது முழுக்க அந்த அழுகை இல்லை. பெற்றவள் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறாள், உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஓரகத்தியா என்று வயிறு எரிந்தது. படகு கிளம்பிப் போகிற வரைக்கும் அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேசராணி என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. நான் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைவனம், காட்டூர் என்று நெல் விளைகிற ஊர்களில் மீன் விற்கப் போவேன். விடிந்ததும் போனால் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை இவனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அருளு, உனக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நாள் காட்டூரில் மீன் போகவே இல்லை, வெயிலில் அலைந்து திரும்பி வந்தால் நீ அவள் மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறாய். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு வாய் ஊட்டப் போனேன். "நீ போ, உன் கை கவிச்சி. சித்தி ஊட்டும்" என்றாய். கவிச்சி அடிக்காத கை நம் குப்பத்தில் யாருக்கு இருக்கிறது! உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன், நினைவிருக்கிறதா? நீ வீல் என்று கத்தினாய். எறும்பு கடித்துவிட்டது என்று அவளிடம் நான்தான் சொன்னேன். அது எறும்பு இல்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். சோப்பு டப்பா அளவுதான். உள்ளே ஒரு போர்டு, ஒரு பேட்டரி, முகத்தில் சின்னதாக ஒரு திரை, தலையில் திருகி மாட்டுகிற ஆன்டெனா. அந்த ஆன்டெனாவை நாங்கள் கம்பி என்போம். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் கொஞ்சம் போனாலே போனில் டவர் செத்துவிடும். இந்தப் பெட்டிக்கு டவர் வேண்டாம். ஒரு போட்டில் இருக்கிற பெட்டி அனுப்பின சேதியை அடுத்த போட்டுப் பெட்டி வாங்கி அதற்கடுத்ததற்குத் தள்ளிவிடும், அப்படியே கரைக்கு வந்துவிடும். நீ பொன்னேரியில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தபோது ஒன்றிரண்டு வரவழைத்து வீட்டில் வைத்து நோண்ட ஆரம்பித்தாய். கெட்டுப்போனால் எங்கே கொடுப்பாய் என்று கேட்டேன். கொடுக்கிற இடம் எதுவும் இல்லை, எங்கெங்கோ இருக்கிறவர்கள் சும்மா சேர்ந்து இதைச் செய்கிறார்கள், ஒருத்தன் கேள்வி கேட்டால் இன்னொருத்தன் பதில் போடுவான் என்றாய்.

"பதில் போடறவனுக்கு இன்னாடா லாபம்?"

"ஒண்ணும் இல்லம்மா. நேத்து அவனுக்கு ஒருத்தன் சொன்னான். இன்னிக்கு அவன் எனக்குச் சொல்றான்."

"முழுசாவா சொல்றான்?"

நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை அருளு. நம் ஆட்களில் யார் எதை முழுசாகச் சொல்லியிருக்கிறார்கள்? உன் நைனா சொந்தத் தம்பிக்கு மீன் விழுகிற இடம் சொல்வார். லைட் ஹவுசும் கோயில் கோபுரமும் ஒன்றாகத் தெரிகிற நேருக்குப் போ என்பார். அந்த நேரில் எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்தப் பக்கத்து மரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பாதி அடையாளம் சொன்னால் கோடு கிடைக்கும், இடம் கிடைக்காது. பொய் சொன்னதாகவும் ஆகாது. நாங்கள் பெண்பிள்ளைகளும் அப்படித்தான். தேசராணி கல்யாணமாகி வந்த புதிதில் என் நண்டுக் குழம்பைத் தின்றுவிட்டு உன் சித்தப்பா தட்டை வழித்தார். அவள் வந்து பக்குவம் கேட்டாள். எல்லாம் சொன்னேன், ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன். இன்று வரைக்கும் அவள் குழம்பு என் குழம்பு மாதிரி வந்ததில்லை. "அக்கா கைப்பக்குவம் வராது"ன்னு அவளே எல்லோரிடமும் சொல்வாள். கேட்க எனக்கு இனிக்கும்.

நம் குப்பத்துப் போட்டுகளுக்கு அந்தப் பெட்டியை மாட்டலாம் என்று நீ முடிவு செய்தபோதுதான் பிரச்சினை வந்தது. உபயோகிக்கிற விதம் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் பாதி தெரிந்தவனுக்கு எழுதினது. ஒன்றுமே தெரியாதவனுக்குத் தமிழில், ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தாய். முதலில் தாளில் எழுதினாய். எழுதி எழுதி எனக்குப் படித்துக் காட்டினாய். நோடு, சேனல் என்று நீ படிக்க, "எவன்டா இத்த படிப்பான்? போட்டுப் பேரப் போடு"ன்னு நான் சொல்ல, நீ அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாய். நான் மீன் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எனக்கு அவ்வளவு குஷி. வயது நாற்பத்தெட்டு ஆகிறது, என் பிள்ளை எனக்குப் பாடம் சொல்கிறான், நான் அவனைத் திருத்துகிறேன். அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு மாதம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

அப்புறம் தாள் வேண்டாம், வீடியோ எடுக்கிறேன் என்றாய். நான் அன்றைக்கே நல்ல புடவையாக ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டேன். நீ பார்த்துவிட்டு, "எங்கம்மா போற?" என்று கேட்டாய். வீடியோவுக்கு என்றேன். தலையைச் சொறிந்தாய்.

"அதுக்குத் தெரியாத மூஞ்சி வேணும்மா. புதுசா பாக்கறவங்க முழிக்கிற மாதிரி முழிக்கணும். நீ முந்திரிக்கொட்ட, அடுத்தது இன்னான்னு நீயே சொல்லிடுவ. சித்திய ஒக்கார வெக்கறேன்."

தெரிந்துகொண்டது ஒரு குற்றமா அருளு? ஒரு மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, கதவுக்கு இந்தப் பக்கம். அந்தப் புடவையை மடித்து வைக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குப் பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாததுதானே அவளுடைய தகுதி? அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால்? தெரிந்த மூஞ்சி என்று ஆகிவிட்டால் அவளும் நானும் ஒன்று. அப்புறம் என்னை ஏன் உட்கார வைக்கக் கூடாது?

மறுநாள் நீ கடைக்குப் போனதும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தி இரண்டு கைப்பிடி எடுத்து உரித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா இது, டவரு இல்லாம எப்டிப் பேசும்?" என்றாள்.

"நீ கரையில நின்னுக்கினு, சோறு ஆறுது வான்னு உன் வூட்டுக்காரரக் கூப்டற. அவரு தூரத்துல கீறாரு, காதுல வுழல. நடுவுல ஒரு தோணிக்காரன் கேட்டுட்டு அவன் கத்தறான். அத்தக் கேட்டு இன்னொருத்தன் கத்தறான். அவ்ளோதான் இது."

"அப்ப ஊரு பூரா கத்திக்கினே இருக்குமே, பேஜாரு!"

"இருக்காது. மூணு வாய் வரைக்கும்தான் போவும்னு உள்ள கணக்கு வெச்சிருக்கான். மூணு வாய்க்கு மேல போனா அது சேதி இல்ல, வம்பு."

கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை போடுவது என்று நமக்கு முறை இருக்கிறதே, அந்தப் பாடு மாதிரிதான், ஒன்று பேசி முடித்த பிறகுதான் அடுத்ததன் பாடு என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். சுவிட்ச் எது, சேதி அனுப்புகிற பொத்தான் எது, திரையில் எந்த மூலையில் பேட்டரி தெரியும், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் தனியாகக் கிடந்த கம்பியை எடுத்துப் பார்த்து, "இது எதுக்குக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியும். நீ எத்தனை தடவை சொன்னாய்! "ம்மா, கம்பி இல்லாம மட்டும் சுவிட்சு போட்றாத. வாயப் பொத்திக்கினு கத்தற மாதிரி, உள்ளுக்குள்ளயே வெந்துடும்." அத்தனையும் காதில் இருந்தது. நான் சொன்னது இது: "அது கெடக்குது. கடைசில மாட்டிக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பெட்டி போய்விடும் என்றும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. அத்தனையையும் அவள் மடியில் கொட்டியாயிற்று, ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்றுதான் இருந்தது. நண்டுக் குழம்பில் விட்ட மாதிரியே விட்டேன். வீடியோவில் அவள் கம்பியை மறந்து நிற்பாள், நீ திட்டுவாய், நான் வாசற்படியிலிருந்து "முதல்ல கம்பி"ன்னு சொல்வேன், நீ திரும்பி என்னைப் பார்ப்பாய். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

வீடியோ எடுத்த அன்று நான் வாசற்படியில் உட்கார்ந்து கருவாடு புரட்டுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சேதி எப்படிப் போகிறது என்று நீ கேட்டாய், அவள் சோறு ஆறுவதிலிருந்து ஆரம்பித்து மூன்று வாய் வரைக்கும் சொன்னாள். உனக்கு வாயெல்லாம் பல். அவள் தெரிந்த மூஞ்சியாக இருப்பதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மூளை அங்கேயே கவிழ்ந்தது. அதற்குமேல் எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, கருவாட்டோடு நாலடி தள்ளிப் போனேன். திரும்பி வந்தபோது நீ போனை அவள் முகத்துக்கு நேராக வைத்திருந்தாய். பாயின் மேல் கம்பி கிடந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். திரை எரிந்தது. பொத்தானை அமுக்கினாள், அறைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பெட்டியில் சேதி வந்து விழுந்தது. நீ "மஜா சித்தி!" என்று கத்தினாய். அப்புறம்தான் அவள் கம்பியைப் பார்த்து எடுத்துத் திருகினாள். நீ போனைக் கீழே இறக்கியபோது எல்லாம் சரியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. புகை வரவில்லை, சத்தம் வரவில்லை, ஒன்றும் ஆகவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீடியோவின் முதல் பகுதியை நீ போட்டாய். அடுத்த வாரம் ஊரே "மூணு வாய்" என்று பேசியது. மார்க்கெட்டில் முகம் தெரியாத பொம்பளை என்னிடமே, "உங்க ஓரகத்தி இன்னா பேச்சு பேசுது!" என்றாள். இந்தப் பெட்டி செய்கிற உன் குழுவில் யாரோ அதை எழுதி, படம் வரைந்து போட்டிருக்கிறார்கள் என்று காட்டினாய். அது என் வார்த்தை, அருளு. இறால் உரிக்கும்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. அவள் முகத்தோடு ஊர் ஊராகப் போகிறது. அதை உன்னிடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் நீ எதற்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்பாய், அப்புறம் கம்பியில் போய் முடியும். வீடியோவில் அவள் சுவிட்ச் போட்ட அந்தப் பெட்டி இதற்குள் உன் சித்தப்பா போட்டில் ஏறிவிட்டது.

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன். உன் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் விடியற்காலையில் போனார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் திரும்புகிற போட்டு பதினோரு மணி ஆகியும் வரவில்லை. வாடைக்காற்று ஏறிக்கொண்டே இருந்தது. நம் கூரை மேல் நீ கட்டி வைத்த பெட்டியில் ஒரு சேதியும் இல்லை. "எங்க கீறீங்க சித்தப்பா"ன்னு நீ அனுப்பினாய். திரும்பத் திரும்ப அதையே அனுப்பினாய். கரையில் தேசராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நாந்தான் எதுனா தப்பா அமுக்கிட்டேனாக்கா? அன்னிக்கு எல்லாத்தையும் அமுக்குனேனே?"

"வாய மூடு. நீ ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. பாயின் மேல் கிடந்த கம்பி என் கண் முன்னாலேயே நின்றது. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் போட்டு வந்துவிடுமா என்று கேட்டு அடக்கிக்கொண்டேன். நாலு மணிக்கு வேறு குப்பத்துப் போட்டு ஒன்று அவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுபோய் ஆறு மணி நேரம் கடலில் மிதந்திருக்கிறார்கள். உன் சித்தப்பா இறங்கினதும் உன்னைத்தான் பிடித்தார். "ஏண்டா, எஞ்சின் நின்னுடுச்சுன்னு அம்பது தபா அமுக்குனேன்! நீ எங்க கீற, எங்க கீறன்னு அனுப்பறதெல்லாம் வருது. நான் சொல்றது மட்டும் போவல!" நீ போய்ப் பழைய வீடியோவைப் பார்த்தாய். பாயின் ஓரத்தில் கம்பி கிடப்பது தெரிந்தது. அந்தப் பெட்டிக்குக் காது மிச்சம் இருந்தது, வாய் செத்துவிட்டது. அறைக்குள் கேட்கிற அளவு முனகல்தான் பாக்கி.

நீ அவளைத் திட்டவில்லை. "என் தப்பு சித்தி, நாந்தான் சொல்லிக் குடுக்கல"ன்னு அவள் காலடியில் உட்கார்ந்தாய். அந்தத் தப்பையும் வீடியோவாகப் போடட்டுமா, மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று கேட்டாய். அவள், "போடு கண்ணு, நாலு பேருக்கு ஆவட்டும்" என்றாள். அப்படித்தான் உன் பாடத்தில் முதல் படி வந்தது: முதலில் கம்பி, பிறகு சுவிட்ச். அதைப் பார்த்துத்தான் உனக்குப் புனேவில் இந்த வேலையும் வந்தது. அவளுக்கு வந்தது "கம்பி சித்தி" என்கிற பெயர். அவள் சிரிக்கிறாள், ஆனால் அன்றிலிருந்து பெட்டியைத் தொடுவதில்லை. நகர்த்தி வைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறாள். என் வார்த்தைக்கு வந்த பேரும் அவளுக்கு, என் தப்புக்கு வந்த பழியும் அவளுக்கு. முதலாவதற்கு எரிந்தேன், இரண்டாவதை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்.

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதினேன். இன்று சனிக்கிழமை.

உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்டிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை அவள் அடுப்படிக்குப் போனேன். பொறாமை என்று எழுதின இடத்தில் அவள் சிரித்தாள். மூன்று வாய் என் வார்த்தை என்று படித்ததும், "ஆமா, உன் வார்த்ததான். வீடியோவுலயே சொன்னனே?" என்றாள். எங்கே சொன்னாய் என்று சண்டைக்குப் போனேன். உன் பழைய போனை உன் தங்கச்சி, அதான் அவள் மூத்த பெண், எடுத்து நீ வெட்டாத முழு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மூன்று வாய் சொல்லி முடித்த கையோடு தேசராணி கேமராவைப் பார்த்து, "இதெல்லாம் எங்க அக்கா சொல்லிக் குடுத்தது. எனக்கு இன்னா தெரியும்?" என்கிறாள். நான் கருவாட்டோடு தள்ளிப் போன நேரம் அது. நீதான் அதை வெட்டியிருக்கிறாய். சொல்லிக்கொடுத்து வந்தவள் என்று தெரிந்தால் தெரியாத மூஞ்சி கெட்டுவிடும் என்று வெட்டியிருப்பாய். நீயும் ஒன்றை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாய். என் வயிற்றில்தான் பிறந்திருக்கிறாய், சந்தேகமே இல்லை. இத்தனை மாதம் எரிந்தேனே, அவள் எனக்கென்று கொடுத்தது உன் போனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையில் மிச்சப் பக்கம் இருந்தது, படித்தேன். "அது கெடக்குது, கடைசில மாட்டிக்கலாம்" என்ற இடம் வந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் மிச்சத்தையும் படித்து முடித்ததும், "என் வூட்டுக்காரரு செத்திருந்தா?" என்றாள். "அன்னிக்குக் கரையில உன் தோளப் புடிச்சிக்கினுதான நின்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "எழுந்துபோக்கா" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். உன் சித்தப்பாவிடம் அன்று சாயங்காலமே நானே போய்ச் சொன்னேன். அவர் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் அந்தப் பக்க அடுப்புக்கும் இந்தப் பக்க அடுப்புக்கும் பேச்சில்லை. உன் நைனா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

நீ இப்போது முகம் தெரியாதவர்களுக்கு உபயோகிக்கிற விதம் எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாய். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எழுதும்போது, இது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும் என்று கை ஒன்றின் மேல் வந்து நிற்கும். நிற்கும், என் பிள்ளை நீ. அதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும். அப்புறம், வெட்டினதை ஒட்டிப் போடு. அவள் சொன்னதையும் போடு, நான் இதில் எழுதினதையும் போடு. கம்பி சித்தி என்று இனிமேல் யாராவது எழுதினால், மாட்டாமல் விட்டவள் அவள் இல்லை, சொல்லாமல் விட்டவள் அவள் அக்கா என்று கீழே பதில் போடு. என் பெயரைப் போட்டே போடு.

இன்று காலையில் அவள் வந்தாள். கையில் ஒரு சட்டியில் நண்டு, நன்றாகக் கழுவி உடைத்தது. வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"இருவத்தி ரெண்டு வருசமா இந்தக் கொழம்பு வெக்கறேன்" என்றாள். "இதுல இன்னாக்கா வுட்ட? அத்தயும் சொல்லிடு."

சொன்னேன். கேட்டுவிட்டு, "த்தூ, இவ்ளோதானா!" என்றாள். உள்ளே வந்து என் அடுப்பிலேயே சட்டியை வைத்தாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினாள். எதையும் கேட்காமல் முதலில் கம்பியைத் திருகினாள். இறுக்கமாகத் திருகிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் சுவிட்சைப் போட்டாள். மத்தியானம் உன் சித்தப்பா அந்தக் குழம்பைத் தின்றுவிட்டுத் தட்டை வழித்தார். அண்ணி வைத்த மாதிரியே இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

குழம்பில் விட்டது எது என்று உன் வீடியோவுக்குக் கீழே யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அது அவளுக்குச் சொன்னது.